யார் இந்த ஜேம்ஸ் பி. லான்சிங்? ஜேபிஎல் ஸ்பீக்கருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயருக்கும் பின்னால் ஒரு மெக்கானிக்கின் கதை

கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கர் தொடங்கி, தியேட்டர் திரைக்குப் பின்னால் நிற்கும் ஆள் உயரப் பெட்டி வரை ஜேபிஎல் என்ற மூன்று எழுத்தைப் பார்த்திருப்பீங்க. 2000களில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஆல்டெக் லான்சிங் ஸ்பீக்கரும் பழக்கம். இரண்டும் பல ஆண்டுகள் ஒன்றோடு ஒன்று மோதிய நிறுவனங்கள். ஆனால் இரண்டு பெட்டியிலும் இருப்பது ஒரே ஆளின் பெயர்தான். இதில் வேடிக்கை என்னன்னா, அது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரே கிடையாது.

அவர் ஜேம்ஸ் புல்லோ லான்சிங். அமெரிக்கர். 47 வயதிலேயே இறந்துபோனார்.

இப்போது ஏன் இவர் கதை? பழைய பவர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, அதில் ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆசை பலருக்கு வந்திருக்கு. ஸ்டுடியோ மானிட்டர் என்பது பாட்டைப் பதிவு செய்யும் இடத்தில் சவுண்ட் இன்ஜினியர் கேட்டு முடிவெடுக்கும் ஸ்பீக்கர். இன்று பெரும்பாலான மானிட்டர்களுக்கு உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வந்துவிடுகிறது. பழைய மானிட்டர் என்றால் தனியாக வாங்கணும். எத்தனை வாட்ஸ் வாங்குவது என்ற கேள்வியில்தான் எல்லோரும் குழம்புறாங்க. லான்சிங்கின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

மார்ட்டினி எப்படி லான்சிங் ஆனார்?

1902 ஜனவரி 14 அன்று இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். பிறந்தபோது பெயர் ஜேம்ஸ் மார்ட்டினி. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இன்ஜினியர். வீட்டில் பிள்ளைகள் 14 பேர், இவர் ஒன்பதாவது. சிறுவயதில் கொஞ்ச காலம் லிட்ச்ஃபீல்ட் ஊரில் புல்லோ என்ற குடும்பத்தோடு தங்கியிருந்தார். அந்த வீட்டுப் பெயரைத்தான் பிறகு தன் பெயருக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

சின்ன வயதிலேயே ரேடியோ டிரான்ஸ்மிட்டர் ஒன்றைச் சொந்தமாகக் கட்டியவர். ஆனாலும் பிழைப்புக்குக் கற்றது கார் மெக்கானிக் வேலை. இந்த விவரம் முக்கியம். இவர் தாளில் கணக்குப் போட்டு ஸ்பீக்கர் செய்தவர் கிடையாது. உலோகத்தைக் கடைந்து, கம்பியைச் சுற்றி, கையாலேயே யோசித்தவர்.

1924-ல் அம்மா இறந்ததும் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். சால்ட் லேக் சிட்டியில் ஒரு ரேடியோ நிலையத்தில் வேலை கிடைத்தது. பிறகு மனைவியாக வரப்போகிறவரை அங்கேதான் சந்தித்தார். கென் டெக்கர் என்ற நண்பரும் அங்கேதான் கிடைத்தார். டெக்கருக்கு வியாபாரம் தெரியும், இவருக்குக் கைவேலை தெரியும். இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் 1927-ல் லான்சிங் மேனுஃபாக்சரிங் கம்பெனியைத் தொடங்கினார்கள். பெயர் மாற்றமும் அந்த நேரத்தில்தான். மார்ட்டினியைவிட லான்சிங் எடுப்பாக இருக்கும் என்று டெக்கர் யோசனை கொடுத்ததாகச் சொல்வார்கள்.

ஆரம்பத்தில் செய்ததெல்லாம் வீட்டு ரேடியோ பெட்டிக்கான ஆறு இஞ்ச், எட்டு இஞ்ச் ஸ்பீக்கர்கள். பெரிய பேர் ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே ஹாலிவுட் இருந்தது. சினிமா அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தது.

எம்ஜிஎம் கேட்ட ஸ்பீக்கர்

1930களின் தொடக்கத்தில் தியேட்டர் ஸ்பீக்கர் என்றாலே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக், ஆர்சிஏ என்ற இரண்டு பெரிய கம்பெனிகள்தான். எம்ஜிஎம் ஸ்டுடியோவின் ஒலிப்பிரிவுத் தலைவர் டக்ளஸ் ஷியரருக்கு இரண்டிலும் திருப்தி இல்லை. (நடிகை நார்மா ஷியரரின் அண்ணன் இவர்.) அப்போதைய பெரிய அமைப்புகளில் அடித்தொனி வரும் குழல் நீளமாகவும், மேல்தொனி வரும் குழல் குட்டையாகவும் இருந்தது. அதனால் ஒரே சத்தத்தின் இரண்டு பாதிகள் ரசிகர் காதுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்தன. நடிகை எலினார் பவல் ஆடிய டேப் டான்ஸில் ஒவ்வொரு காலடியும் இரண்டு தடவை கேட்டதாகவும், அதில்தான் கோளாறு பிடிபட்டதாகவும் சவுண்ட் வட்டாரத்தில் ஒரு கதை உண்டு.

ஷியரர், தன் பிரிவில் இருந்த ஜான் ஹில்லியார்ட் என்ற இன்ஜினியரை வைத்துப் புது அமைப்பு ஒன்றை வடிவமைத்தார். அதற்கு உயிரான டிரைவர்களைச் செய்து கொடுத்தது லான்சிங் கம்பெனி. அடித்தொனிக்கு 15 இஞ்ச் ஸ்பீக்கர், மேல்தொனிக்கு உலோகச் சவ்வு வைத்த கம்ப்ரஷன் டிரைவர், அதன் முன்னால் கொம்பு மாதிரி விரியும் குழல். ஷியரர் ஹார்ன் என்று பெயர் வாங்கிய இந்த இருவழி அமைப்புக்காக 1936-ம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது ஷியரருக்கும் எம்ஜிஎம் ஒலிப்பிரிவுக்கும் போனது. டிரைவர் செய்த லான்சிங் பெயர் அதில் இல்லை.

ஆனால் வேலை தெரிந்தவர்களுக்கு யார் கை என்று தெரியும். அதே யோசனையைச் சுருக்கி, அறைக்குள் வைக்கும் அளவுக்கு ஐகானிக் என்ற ஸ்பீக்கரை 1937-ல் லான்சிங் கொண்டுவந்தார். சினிமா ஸ்டுடியோக்கள் அதைப் பதிவு அறைகளில் வைத்துக் கேட்டன. ஸ்டுடியோ மானிட்டர் என்று இன்று சொல்லும் வகைக்கு முன்னோடிகளில் அது ஒன்று.

எட்டு வாட்ஸில் தியேட்டர் ஓடியது எப்படி?

ஆம்ப்ளிஃபயர் கதை இங்கேதான் உள்ளே வருகிறது. இன்றைக்கு 500 வாட்ஸ், 1000 வாட்ஸ் என்று பெட்டியில் போட்டு விற்கிறாங்க இல்லையா? அன்று டிரான்சிஸ்டரே கிடையாது, எல்லாம் கண்ணாடி வால்வு. தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்களில் பெயர் வாங்கிய 300பி என்ற வால்வு, தனியாக ஓடினால் கொடுப்பது சுமார் 8 வாட்ஸ். 1947-ல் இங்கிலாந்தில் வில்லியம்சன் வெளியிட்டு உலகமே கொண்டாடிய வீட்டு ஆம்ப்ளிஃபயரின் சக்தி 15 வாட்ஸ். அவ்வளவுதான்.

அந்தச் சின்ன சக்தியில் ஒரு ஹால் முழுக்கச் சத்தம் நிரம்பணும். ஆம்ப்ளிஃபயரைப் பெரிதாக்க வழி இல்லை, அதனால் ஸ்பீக்கர்தான் ஒரு சொட்டு மின்சாரத்தையும் வீணாக்காமல் ஒலியாக மாற்றியாகணும். லான்சிங்கின் மொத்த உழைப்பும் இந்த ஒரு இடத்தில்தான். காந்தத்தின் இடைவெளி எவ்வளவு குறுகலாக இருக்கலாம், அதற்குள் எவ்வளவு கம்பியைத் திணிக்கலாம், இதுதான் அவர் தினமும் போராடிய கணக்கு. வட்டக் கம்பியைச் சுற்றினால் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் காற்று நிற்கும். அதனால் தட்டையான ரிப்பன் கம்பியை விளிம்பில் நிறுத்திச் சுற்றினார். சீட்டுக்கட்டை அடுக்கி நிறுத்தின மாதிரி. சொல்ல ஒரு வரி. ஆனால் அந்த மெல்லிய கம்பி மடங்காமல், முறுக்காமல் வட்டமாகச் சுற்றுவது மெக்கானிக் கைக்கே சோதனை.

கம்பெனி போச்சு, பெயரும் போச்சு

1939-ல் கென் டெக்கர் விமான விபத்தில் இறந்தார். கணக்கு வழக்கைப் பார்த்த ஆள் போனதும் கம்பெனி தள்ளாட ஆரம்பித்தது. லான்சிங் பொருள் செய்வதில் கெட்டிக்காரர், பணத்தில் அப்படி இல்லை. 1941 டிசம்பரில் ஆல்டெக் சர்வீஸ் என்ற நிறுவனம் 50,000 டாலருக்கு லான்சிங் கம்பெனியை வாங்கிக்கொண்டது. தியேட்டர்களின் ஒலிக்கருவிகளைப் பராமரித்துக்கொண்டிருந்த அவர்களுக்குச் சொந்தமாகத் தயாரிக்க ஒரு இடம் தேவைப்பட்டது. ஆல்டெக் லான்சிங் என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது. லான்சிங் அங்கேயே பொறியியல் பிரிவின் துணைத் தலைவர் ஆனார். ஐந்து வருட ஒப்பந்தம்.

சம்பளக்காரராக இருந்த அந்த ஐந்து வருடம்தான் அவருடைய தொழிலில் அமைதியான காலம் என்று எனக்குத் தோணுது. தியேட்டர்களை ஆண்ட வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர் வரிசையும், 604 டூப்ளெக்ஸ் ஸ்பீக்கரும் அந்தக் காலத்தில் வந்தவை. 604 என்பது 15 இஞ்ச் ஸ்பீக்கரின் நட்டநடுவில் கம்ப்ரஷன் டிரைவரின் குழலை நுழைத்த வடிவம். அடித்தொனியும் மேல்தொனியும் ஒரே புள்ளியில் இருந்து வருவதால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு ஒலி சிதறாது. அமெரிக்க ஸ்டுடியோக்களில் பல பத்தாண்டுகள் மானிட்டர் என்றாலே 604தான். இன்றும் பழைய ஸ்பீக்கர் தேடுபவர்கள் முதலில் கேட்கும் எண்ணும் அதுதான்.

1946-ல் ஒப்பந்தம் முடிந்தது. லான்சிங் வெளியே வந்து லான்சிங் சவுண்ட் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். உடனே ஆல்டெக் ஆட்சேபித்தது. லான்சிங் என்ற பெயரை அவர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தாங்களே! புது ஸ்பீக்கருக்கு ஐகானிக் என்ற பழைய பெயரைப் பயன்படுத்தியதற்கும் ஆட்சேபம் வந்தது. தானே தேர்ந்தெடுத்த பெயரைத் தானே பயன்படுத்த முடியாத நிலை. கடைசியில் முழுப் பெயரையும் போட்டு ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்ட் என்று மாற்றிக்கொண்டார்.

கடன் நெருக்கிய கடைசி மூன்று வருடம்

இந்த மூன்று வருடத்தில் அவர் செய்த ஒரு பொருளே போதும், அவரை நினைத்துக்கொள்ள. டி130 என்ற 15 இஞ்ச் ஸ்பீக்கர். சுருளின் அகலம் மட்டும் நான்கு இஞ்ச். அதே தட்டைக் கம்பி, இந்த முறை அலுமினியத்தில். அல்னிகோ 5 என்ற பலமான நிரந்தரக் காந்தம். அதற்கு முன் பெரிய ஸ்பீக்கர்களில் மின்காந்தம்தான் வழக்கம், அதற்குத் தனியாக மின்சாரம் கொடுக்கணும். அந்தத் தொல்லை இதில் போச்சு. பிற்கால ஜேபிஎல் தாள்களின்படி, ஒரு வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் டி130 தரும் சத்தம் 103 டெசிபல்.

பொருள் அருமை. ஆனால் விற்ற காசு வாங்கிய கடனுக்குப் போதவில்லை. மார்க்வார்ட் என்ற விமான எஞ்சின் நிறுவனம் கொஞ்சம் முதலும் இடமும் கொடுத்துக் காப்பாற்றியது. அதன் அதிகாரி வில்லியம் தாமஸ் கணக்குகளைப் பார்த்துக்கொள்ள வந்தார். 1949-ல் மார்க்வார்ட்டே ஜெனரல் டயர் கம்பெனியின் கைக்குப் போனது. அவர்களுக்கு ஸ்பீக்கரில் ஆர்வம் இல்லை, கழற்றிவிட்டார்கள். கடன் தலைக்கு மேல் ஏறியிருந்தது.

1949 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் இருந்த தன் பண்ணையில் லான்சிங் தற்கொலை செய்துகொண்டார்.

(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள். தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் டெலிமானஸ் 14416 ஆகிய எண்களில் ஆலோசனை கிடைக்கும்.)

அவர் பெயரில் எடுத்திருந்த 10,000 டாலர் காப்பீட்டுத் தொகை கம்பெனிக்கு வந்தது. அந்தப் பணம்தான் கம்பெனியை மூடாமல் காத்தது என்பது கேட்கவே கஷ்டமா இருக்கு. தாமஸ், லான்சிங்கின் மனைவியிடம் இருந்த பங்கையும் வாங்கிக் கம்பெனியை நடத்த ஆரம்பித்தார். 1950களின் நடுவில் பெயர் தகராறு மறுபடியும் கிளம்பியபோது, லான்சிங் என்ற சொல்லை ஓரம்கட்டி முதலெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஜேபிஎல்.

சரி, பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்குபவர் எதைப் பார்க்கணும்?

முதலில் ஸ்பீக்கரின் பின்பக்கம். வாட்ஸ் எண்ணைவிட, ஒரு வாட்ஸுக்கு எத்தனை டெசிபல் என்ற எண் முக்கியம். டி130 தருவது 103. இன்றைய ஜேபிஎல் எல்100 கிளாசிக் தருவது 90. வித்தியாசம் 13தானே என்று விட்டுடாதீங்க. டெசிபல் கணக்கில் சத்தம் 3 கூடணும்னா சக்தி இரட்டிப்பாகணும், 10 கூடணும்னா சக்தி பத்து மடங்காகணும். அப்படிப் பார்த்தால் 13-க்கு இருபது மடங்கு. டி130-க்கு ஒரு வாட்ஸ் செய்யும் வேலைக்கு எல்100 கிளாசிக்குக்கு 20 வாட்ஸ் வேணும். வில்லியம்சனின் 15 வாட்ஸ் டி130-ல் ஓடினால், எல்100 கிளாசிக்கில் 300 வாட்ஸ் ஓடுவதற்குச் சமம். லான்சிங் வாழ்ந்த காலத்தில் 15 வாட்ஸ் ஏன் போதுமானதாக இருந்தது என்பது இதில் புரியும்.

ஆகவே ஆல்டெக் 604, பழைய ஜேபிஎல் போன்ற உணர்திறன் கூடிய ஸ்பீக்கருக்கு ராட்சத ஆம்ப்ளிஃபயர் தேடி அலைய வேண்டாம். அங்கே பிரச்சினையே வேறு. அப்படிப்பட்ட ஸ்பீக்கர் பாட்டை மட்டும் பெரிதாக்காது, ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலையும் உம்ம்ம் என்ற மின்சார ரீங்காரத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். பழைய பெட்டியில் வயதான மின்தேக்கிகள், அதாவது கடைக்காரர் கண்டன்சர் என்று சொல்வது, காய்ந்துபோயிருந்தால் ரீங்காரம் நிச்சயம். வாங்கும்போது பாட்டே போடாமல் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேளுங்க. அது ஒன்றே நல்ல சோதனை.

உணர்திறன் குறைந்த மானிட்டராக இருந்தால் நேர் எதிர். அதற்குச் சக்தி போதாத ஆம்ப்ளிஃபயரை வைத்து முறுக்கினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, முதலில் எரிவது ட்வீட்டர். 1967-ல் வந்த கிரவுன் டிசி300 மாதிரி, பக்கத்துக்கு 150 வாட்ஸ் தரும் டிரான்சிஸ்டர் பெட்டிகள் ஸ்டுடியோக்களுக்குள் வந்ததற்கு இந்த மாதிரிக் காரணங்களும் உண்டு.

அடுத்தது ஓம்ஸ். அந்தக் காலத்து ஸ்பீக்கர்கள் பல 16 ஓம்ஸ். 8 ஓம்ஸில் 100 வாட்ஸ் தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர், 16 ஓம்ஸில் ஏறக்குறைய 50-தான் தரும். கெட்டுப்போகாது, பயம் வேண்டாம். வால்வு பெட்டிகளில் பெரும்பாலும் பின்னால் 4, 8, 16 என்று தனித்தனி முனை இருக்கும், சரியானதில் மாட்டினால் முழுச் சக்தியும் வரும். வால்வு ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் மாட்டாமல் ஓடவிடவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். டிரான்சிஸ்டர் பெட்டி என்றால், ஸ்பீக்கரை மாட்டும் முன் அவுட்புட்டில் மல்டிமீட்டர் வைத்து டிசி வோல்டேஜ் பாருங்க. மில்லிவோல்ட் கணக்கில் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் வந்தால் அதை அப்படியே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் சுருள் கருகிவிடும்.

அமெரிக்காவில் இருந்து வந்த பெட்டி என்றால் 110, 117 வோல்ட் என்று எழுதியிருக்கும். நம்ம வீட்டு 230-ல் நேரடியாகச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் விலையோடு சேர்த்துக்கங்க. வால்வு பெட்டியின் மூடியைத் தெரியாதவர்கள் திறக்கவே வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும். தெரிந்த மெக்கானிக் கையில் கொடுத்துடுங்க.

லான்சிங் இறந்த பிறகு நடந்தது

டி130-ஐ கிட்டார்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களுக்காகவே டி130எஃப் என்று ஒரு வகை வந்தது. 1969-ல் உட்ஸ்டாக் இசை விழாவில் பெருங்கூட்டத்துக்குப் பாட்டைக் கொண்டு சேர்த்த பெட்டிகளுக்குள் இருந்ததும் ஜேபிஎல் ஸ்பீக்கர்கள்தான், அவற்றை ஓட்டியது 350 வாட்ஸ் மெக்கின்டாஷ் வால்வு ஆம்ப்ளிஃபயர்கள். லான்சிங் பார்த்த 15 வாட்ஸ் உலகம் இருபதே வருடத்தில் அங்கே வந்து நின்றது.

ஜேபிஎல்லும் ஆம்ப்ளிஃபயர் செய்யத் தொடங்கியது. பார்ட் லோகாந்தி என்ற இன்ஜினியர் 1960களில் வடிவமைத்த டிரான்சிஸ்டர் பெட்டிகளைப் பழைய ஆம்ப்ளிஃபயர் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். 1969-ல் கம்பெனி சிட்னி ஹார்மன் வசம் போனது. ஹார்மன் நிறுவனத்தை 2017-ல் சாம்சங் வாங்கியது. இந்தக் கட்டுரையைச் சாம்சங் போனில் படிக்கிறவங்களுக்கும் லான்சிங் தூரத்து உறவுதான்.

ஸ்டுடியோ பக்கம் நடந்ததுதான் சுவாரஸ்யம். 1960களில் ஸ்டுடியோக்கள் எல்லாம் ஆல்டெக் 604-ல் பழகிப்போயிருந்தன. அந்தச் சந்தைக்குள் நுழைய ஜேபிஎல் 1968-ல் 4310 என்ற சிறிய மானிட்டரைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர்களுக்கு இருந்த இலக்கு, 604-ன் ஒலியைச் சின்னப் பெட்டியில் கொண்டுவருவது. லான்சிங் ஒரு கம்பெனியில் செய்துவைத்ததை, லான்சிங் பெயர் கொண்ட இன்னொரு கம்பெனி பார்த்துப் பின்பற்றியது. அதையே வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றி 1970-ல் எல்100 என்று விற்றார்கள். முன்பக்கம் கட்டம் கட்டமாக ஆரஞ்சு நிற ஃபோம் வைத்த அந்தப் பெட்டி விற்பனையில் பெரும் சாதனை படைத்தது. எல்100 கிளாசிக் என்று மேலே கணக்குப் போட்டோமே, அது அதன் 2018 மறுபிறப்பு.